மார்ச் மாதக் கூட்டத்துக்கு எண்டோமெட்ரியோசிஸ் துண்டறிக்கை: எதைப் போடலாம், எதை விடலாம்?

#1 மஞ்சள்_ரிப்பன் (செந்தூல், கோலாலம்பூர்)

வணக்கம் எல்லாருக்கும். மார்ச், எண்டோமெட்ரியோசிஸ் விழிப்புணர்வு மாதம். செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் அம்மாக்களையும் வயசுக்கு வந்த பிள்ளைகளையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேச மகளிர் பிரிவு ஏற்பாடு செய்கிறது. பேச்சு காற்றோடு போய்விடும். அதனால் வீட்டுக்குக் கொண்டுபோக ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கமும் தமிழில் கொடுக்கப் போகிறோம். வரைவு இது:

“கருப்பையின் உள்சுவரில் இருப்பதைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், இடுப்புக்குழியின் சவ்வு, குடல், சிறுநீர்ப்பை என்று எங்கும் அது ஒட்டிக்கொள்ளலாம். மாதந்தோறும் ஹார்மோனுக்கு ஏற்ப அந்தத் திசுவும் வீங்கிக் கசிகிறது. சுற்றியுள்ள இடம் அழற்சி கண்டு, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, உலக அளவில் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.”

இதற்குக் கீழே அறிகுறிகள், அதற்குக் கீழே சிகிச்சை. எது குறைகிறது? எது நம்ம ஆட்களை வீணாகப் பயமுறுத்தும்? சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து வெட்டித் திருத்துங்கள்.

#2 சுகாதார_தாதி (கெப்போங்)

அக்கா, எழுதியிருப்பதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் முதல் பத்தி இதுவாக இருந்தால் பாதிப் பேர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிடுவார்கள். தனக்கு இந்த நோய் இருக்கலாம் என்ற எண்ணமே இல்லாத ஒருத்திக்கு, நோயின் விளக்கம் எதற்கு? கேள்வியை முதலில் வையுங்கள்.

நான் வைக்கச் சொல்வது இவை. மாதவிடாய் வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் படுத்துவிடுகிறீர்களா? அந்த நாள்களில் மலம் கழிக்கும்போது உள்ளே குத்துகிறதா? சிறுநீர் போகும்போது? தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலிக்கிறதா? வலிமாத்திரை போட்டும் இரண்டு மணி நேரத்தில் அடங்கவில்லையா? ஒன்றுக்கு “ஆமாம்” வந்தாலும் கிளினிக் போகணும் என்று அதன் கீழேயே எழுதுங்கள். விளக்கம் பின்பக்கம் போகட்டும்.

மலம் கழிக்கும்போது வரும் வலியை எழுதக் கூச்சப்படாதீர்கள். அதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை. கேட்டால்தான் வாயைத் திறக்கிறார்கள். குடல் பக்கம் ஆழமாக இறங்கிய நோய்க்கு அது முக்கியமான தடயம்.

#3 மகப்பேறு_மருத்துவர் (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

தாதி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: நாள்காட்டியோடு வரும் தொல்லை. மாதத்தில் அதே நான்கைந்து நாள் மட்டும் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு வந்தால் “கேஸ்ட்ரிக்” என்றும் குடல் எரிச்சல் என்றும் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாதவிடாய் சமயத்தில் சிறுநீர் எரிச்சல் வந்தால் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக். சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையில் திரும்பத் திரும்பக் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், அது மாதவிடாயோடு சேர்ந்துதான் வருகிறதா என்று கேட்டே ஆகவேண்டும். நோயின் பெயர் தெரிய 4 முதல் 12 ஆண்டுகள்வரை ஆகிறது என்று உலக அளவில் சொல்லப்படுவதற்கு இந்தத் தவறான பெயர்களும் ஒரு காரணம். வீட்டில் “எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ” என்று சொல்லிக் கடத்துவது இன்னொரு காரணம்.

வலியின் அளவும் நோயின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அறுவைச் சிகிச்சையில் பார்த்து 1 முதல் 4 வரை நிலை பிரிக்கிறோம். முதல் நிலையில் துடிதுடிப்பவர்கள் உண்டு. நான்காம் நிலையில் வலியே இல்லாமல், குழந்தை இல்லை என்று பரிசோதிக்க வந்த இடத்தில் தெரியவருகிறவர்களும் உண்டு. “உனக்கு லேசாத்தான் இருக்கு, ஏன் இப்படிக் கத்துற” என்று யாரும் சொல்ல இடம் வைக்கக்கூடாது.

#4 கவுன்செலிங்_டீச்சர் (புக்கிட் மெர்தாஜாம்)

பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டம் வேண்டும். இடைநிலைப்பள்ளியில் மாதாமாதம் இரண்டு நாள் காணாமல் போகிற மாணவியை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சோம்பேறி, நடிக்கிறாள் என்ற பேர்தான் அவளுக்குக் கிடைக்கிறது. டாக்டர், எந்த வயதிலிருந்து இதைச் சந்தேகிக்கலாம்?

#5 மகப்பேறு_மருத்துவர்

வயசுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் பல மாதங்களில் முட்டை வெளியாகாது. அதனால் பெரும்பாலோருக்கு அப்போது வலி குறைவாகத்தான் இருக்கும். முட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கியதும் சாதாரண வலி வருவது இயல்பு. அது முதல் இரண்டு மூன்று நாளோடு முடியும், மாத்திரைக்கு அடங்கும். மாத்திரைக்கு அடங்காமல் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் வலி பரவினால், 15 வயதானாலும் எண்டோமெட்ரியோசிஸைக் கணக்கில் எடுக்க வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் இன்னும் கவனம். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு அவசர விஷயம். முதல் மாதவிடாயிலிருந்தே தாங்கமுடியாத வலி, அல்லது இரத்தமே வராமல் மாதாமாதம் வயிற்று வலி என்றால், உள்ளே பாதை அடைபட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையை உடனே கொண்டுவர வேண்டும்.

#6 மருந்தகம்_பட்டர்வொர்த்

வலிமாத்திரைக்குத் தாளில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அதிகத் தப்பு நடக்கும் இடம் இதுதான்.

நம்மூரில் மாதவிடாய் வலி என்றால் பொன்ஸ்தான், அதாவது மெஃபனாமிக் ஆசிட். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. “ஒண்ணும் கேக்கல” என்று சொல்பவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், வலி உச்சிக்கு ஏறிய பிறகு ஒன்றே ஒன்று போட்டிருப்பார்கள். வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. அது உருவாகிப் பரவிய பிறகு மாத்திரை போட்டால் பலன் பாதிதான். இரத்தம் தென்பட்டவுடன், அல்லது வயிறு இழுக்கத் தொடங்கியவுடன் போட வேண்டும். சுழற்சி ஒழுங்காக வருபவர்கள் மாதவிடாய்க்கு முந்தின நாளே தொடங்கலாம். பிறகு இரண்டு மூன்று நாள் வேளை தவறாமல் தொடர வேண்டும். விட்டுவிட்டுப் போடக்கூடாது.

பொன்ஸ்தான், ஐபுபுரோஃபென், வோல்தாரன், நாப்ராக்சன் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று மேலே இன்னொன்றைப் போட்டால் வலி குறையாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகத் தொல்லையும்தான் வரும். பனாடோல், அதாவது பாராசிட்டமால், வேறு குடும்பம். அதைச் சேர்த்துப் போடலாம்: 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு மொத்தம் எட்டுக்கு மேல் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் பொன்ஸ்தான் தொடவே கூடாது.

இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: காய்ச்சல் இருந்தால் பொன்ஸ்தான் வேண்டாம். நம் நாட்டில் டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல், எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிங்கியில் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கும்போது இந்தக் குடும்பத்து மாத்திரைகள் இரத்தப்போக்கைக் கூட்டும். மாதவிடாயும் காய்ச்சலும் ஒன்றாக வந்தால் பனாடோல் மட்டும் போட்டுக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

#7 மஞ்சள்_ரிப்பன்

டிங்கி விஷயத்தை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகிறேன். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மாதவிடாயைத் “தள்ளிப்போடுற மாத்திரை” வாங்குகிறார்களே, அதைப் பற்றியும் மண்டபத்தில் நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

#8 மருந்தகம்_பட்டர்வொர்த்

அது நோரெதிஸ்டெரோன். கடைப்பெயர் பிரிமோலுட். மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து 5 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை போடுவது வழக்கம். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். கால் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. அண்ணி வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று போடுவதெல்லாம் ஆபத்து.

இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகும் முன் அந்த மாத்திரை கேட்டு வருகிறவர்களில் சிலருக்குத் தீட்டு மட்டும் காரணம் இல்லை. “அந்த நாள்ல நடக்கவே முடியாது” என்பார்கள். நடக்கவே முடியாத வலி என்று காது கேட்ட நொடியில் அடுத்த கேள்வியை நாங்கள் கேட்க வேண்டும். மருந்தகத்தில் வைக்க இருபது தாள் அனுப்பிவையுங்கள். மாத்திரைப் பையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

#9 ஸ்கேன்_அறை (பினாங்கு)

“ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.” இந்த ஒரு வாக்கியத்துக்குத் தாளில் பதில் இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண்.

சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் தெரிவது பெரும்பாலும் சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட் மட்டும்தான். உள்ளே மாவு கரைத்து ஊற்றியதுபோல் ஒரே சீராக மங்கலாகத் தெரியும். சவ்வின் மேல் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருக்கும் நோய் எந்த ஸ்கேனிலும் சரியாகத் தெரியாது. குடலையும் கருப்பைக்குப் பின்பக்கத் தசைநார்களையும் பிடித்த ஆழமான நோயைப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் பார்க்கலாம். ஆனால் அதைத் தேடத் தெரிந்த கை வேண்டும். கருவியை மெல்ல அழுத்தும்போது கருப்பையும் குடலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறதா என்று பார்ப்போம். நகராமல் ஒட்டிக் கிடந்தால் அதுவே பெரிய தடயம். சும்மா “வயிற்று வலி” என்று சீட்டில் எழுதி அனுப்பினால், கருப்பை, சினைப்பை அளவு பார்த்து “நார்மல்” என்று முடித்துவிடுவார்கள். அதனால் சீட்டு எழுதும்போதே “மாதவிடாயோடு வரும் வலி, மலம் கழிக்கும்போது வலி, எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்” என்று எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

தயாராகும் விதமும் வேறு வேறு. வயிற்றின் மேல் எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்: ஒரு மணி நேரத்துக்கு முன் மூன்று நான்கு குவளை தண்ணீர், பிறகு அடக்கிக்கொண்டு வர வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுப்பதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும்.

#10 செலாயாங்_அம்மா

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு உள்ளே விட்டு ஸ்கேன் பண்ணுவாங்களா? இதுக்குப் பயந்தே பல தாய்மாருங்க பிள்ளையைக் கூட்டிப்போறதில்ல. கட்டாயம் எழுதுங்க.

#11 ஸ்கேன்_அறை

அம்மா, மாட்டார்கள். தாம்பத்திய உறவு இல்லாத பெண்ணுக்கு முதலில் வயிற்றின் மேல்தான் எடுப்போம். அது போதாவிட்டால் எம்ஆர்ஐ, அல்லது அவர் சம்மதித்தால் ஆசனவாய் வழியாக. எந்த ஸ்கேனுக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. பெண் பணியாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

#12 மகப்பேறு_மருத்துவர்

ஸ்கேன் நார்மல் என்பதாலேயே சிகிச்சை தொடங்காமல் இருக்க வேண்டியதும் இல்லை. முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விடும் அறுவை, செய்து கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதி என்போம். எஷ்ரே என்னும் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. அறிகுறிகள் பொருந்தினால் ஹார்மோன் மருந்து தொடங்கிப் பார்க்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாதபோது, அல்லது மருந்து கேட்காதபோதுதான் லேப்ராஸ்கோப்பி. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையை இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. தனியார் பரிசோதனைப் பேக்கேஜில் அது கொஞ்சம் கூடி வந்ததைப் பார்த்துப் புற்றுநோய் என்று நினைத்து இராத்தூக்கம் கெடுபவர்கள் பலர். மாதவிடாய் நாளில் எடுத்தாலே அது கூடும். சினைப்பைப் புற்றுநோய் அபாயம் இந்த நோயில் சற்றே அதிகம் என்பது உண்மை. ஆனாலும் மொத்தத்தில் அது மிகச் சிறிய அபாயம். கூட்டத்தில் யாராவது கேட்டால் இப்படியே சொல்லலாம்.

#13 சுகாதார_தாதி

கிளினிக் போகும் வழியை எழுதுகிறேன், அப்படியே போடுங்கள்.

மைகார்ட் (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதார கிளினிக் போங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே பரிசோதித்துவிட்டு நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். தனியார் கிளினிக் டாக்டரும் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தரலாம். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை. அந்தப் பக்கம் பினாங்கு பொது மருத்துவமனை. நிபுணரைப் பார்க்கும் நாள் தள்ளிக் கிடைத்தால், வலி கூடும்போது மறுபடி கிளினிக் போய்க் கடிதத்தைப் புதுப்பிக்கச் சொல்லலாம். வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் தமிழில் பேச வாய்ப்பில்லை என்று தயங்குபவர்களுக்கு இரண்டு மலாய் வரி: “சாக்கிட் பீரியட் சம்பாய் தாக் போலே கெர்ஜா” (வேலை செய்ய முடியாத அளவுக்கு மாதவிடாய் வலி). “மாசா பீரியட், புவாங் ஆயிர் பெசார் பூன் சாக்கிட்” (மாதவிடாயின்போது மலம் கழிக்கவும் வலிக்கிறது). தாளைக் காட்டினாலே போதும்.

கூடவே வலிக்குறிப்பு. குறைந்தது இரண்டு மாத சுழற்சிக்கு எழுதி எடுத்துப் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

#14 மகப்பேறு_மருத்துவர்

தாதி, இந்த ஓரிடத்தில் மட்டும் மாற்றிச் சொல்கிறேன். “எழுதி எடுத்துப் போ” என்று போட்டால், எழுதி முடிக்கும்வரை போகாமல் இருந்துவிடுவார்கள். “இந்த வாரமே போ, இன்றே எழுதத் தொடங்கு” என்று போடுங்கள். குறிப்பு நிபுணரைப் பார்க்கும் நாளுக்குள் தானாக நிறைந்துவிடும்.

எதையும் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்வது. ஒரு பக்கமாகத் திடீரென்று வெட்டுவதுபோல் வலியும் வாந்தியும் வருவது. சிஸ்ட் முறுக்கியிருக்கலாம், உடைந்திருக்கலாம். வலியோடு காய்ச்சல். மயக்கம். நாள் தள்ளிப்போய் வலியும் இரத்தமும்.

#15 சுகாதார_தாதி

சரி டாக்டர், அப்படியே மாற்றலாம்.

#16 செலாயாங்_அம்மா

குழந்தை பிறக்காதுன்னு தாள்ல போடாதீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க காதுக்குப் போனா சம்பந்தமே நின்னுபோகும். இதுக்காகவே நோயை மறைக்கிற வீடுங்க இருக்கு.

#17 மகப்பேறு_மருத்துவர்

அம்மா சொல்லும் பயம் நியாயமானது. அதனால்தான் இதை விடாமல், சரியாக எழுத வேண்டும் என்கிறேன். நாம் எழுதாவிட்டால் அக்கம்பக்கத்தில் எழுதிவிடுவார்கள்.

உண்மை இதுதான்: இந்த நோய் உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் வரலாம். சிரமம் என்றால் முடியாது என்று பொருள் இல்லை. பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். 35 வயதுக்குக் கீழே இருந்தால் ஓராண்டும், 35-ஐத் தாண்டினால் ஆறு மாதமும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்பது பொது விதி. நோய் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். முதல் நாளே கணவரின் விந்தணுப் பரிசோதனையும் நடக்க வேண்டும். மனைவியை மட்டும் வருஷக்கணக்கில் ஸ்கேன் அறைக்கு அலையவிட்டு, கணவருக்குப் பரிசோதனையே எடுக்காத குடும்பங்கள் ஏராளம். இதைக் கூட்டத்தில் சத்தமாகவே சொல்லுங்கள்.

“கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும், பிள்ளை பெத்தா போயிடும்” என்பது சிகிச்சை இல்லை. நோயைக் குணப்படுத்தவென்று கர்ப்பமாகச் சொல்லக்கூடாது என்று அதே எஷ்ரே வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்ப வரும். வலிக்கிற பிள்ளைக்கு அவசரக் கல்யாணம் செய்துவைத்தால், உறவின்போது வரும் வலியையும் பிள்ளை எங்கே என்ற கேள்வியையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றுகிறோம்.

#18 மஞ்சள்_ரிப்பன்

இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கையிலும் இந்தத் தாள் போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆண்களையும் அழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அழைப்பது என்று முடிவாகிவிட்டது.

சிகிச்சைப் பகுதி மட்டும் வறட்சியாக இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை என்றதுமே “குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை என் பிள்ளைக்குக் கொடுக்குறீங்களா” என்று அம்மாக்கள் எழுந்துவிடுவார்கள்.

#19 மருந்தகம்_பட்டர்வொர்த்

காரணத்தைச் சொல்லிவிட்டால் எழமாட்டார்கள். இந்தத் திசு வளர ஈஸ்ட்ரோஜன் வேண்டும். மாதாமாதம் ஏறி இறங்கும் ஹார்மோனை மட்டமாக்கி, மாதவிடாயைக் குறைத்தாலோ நிறுத்திவைத்தாலோ திசுவும் அடங்கும். நிறுத்திவைப்பதால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்காது. கருப்பையின் உள்சுவர் தடிக்காதபோது வெளியேற எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சுழற்சி திரும்பும், கருத்தரிக்கும் திறன் அதனால் கெடாது.

இரண்டு ஹார்மோன் சேர்ந்த கூட்டு மாத்திரையை (குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை) இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுக்கச் சொல்வார்கள். கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி வரலாறு, 35-க்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் அது ஆகாது. அடுத்தது டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று, ஒரே நேரத்தில். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ஒழுங்கில்லாமல் இரத்தம் வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் இரண்டாம் மாதமே “ஒத்துக்கல” என்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலோருக்குப் பிறகு குறைந்துவிடும். போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். மனச்சோர்வு வந்தால் தாங்கிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது கருத்தடைக்கென்று அங்கீகரித்த மாத்திரை இல்லை என்பதால், கர்ப்பம் வேண்டாதவர்கள் ஆணுறை போன்ற வேறு வழியும் பயன்படுத்த வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இதன் பலன் குறையும்.

கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமான மிரெனா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, மாதவிடாய் நின்றதுபோல் ஆக்கும் ஜிஎன்ஆர்ஹெச் ஊசி எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னது எலும்பைத் தேய்க்கும் என்பதால் பொதுவாக ஆறு மாதம்வரை, கூடவே சிறிதளவு ஹார்மோன் சேர்த்துக் கொடுப்பார்கள். பெயர் மட்டும் போட்டால் போதும்.

மஞ்சள், உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடட்டும், தடை இல்லை. அவை நோயைக் கரைக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். மாஞ்சாகானி (மாசிக்காய்) போன்றவற்றைப் பிறப்புறுப்புக்குள் வைப்பது வேண்டாம். சிஸ்ட் இருப்பவர்கள் அடிவயிற்றை அழுத்தி உருவிவிடச் சொல்வதும் வேண்டாம். வெந்நீர்ப் பை நல்லது: துணி சுற்றி, 15–20 நிமிடம். தோல் பழுப்பாக வலைபோல் கோடு விழுகிற அளவுக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சூட்டுக்காயம்.

#20 பங்சார்_எச்ஆர்

வேலையிடம் பற்றி யாரும் தொடவில்லை. மலேசியாவில் மாதவிடாய் விடுப்பு என்று தனிச் சட்டம் இல்லை. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு: வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் வருஷத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் தனி. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில், நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். நேரம், நாள், இடம் எதையும் மாற்றிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். “மாதத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை” என்று குறிப்பாக, மருத்துவக் கடிதத்தோடு கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தில் “குறிப்பிட்ட நோய்கள்” பகுதியைப் படிக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். அப்படியென்றால் பாலிசி தொடங்கி 120 நாள்வரை அதற்குக் காப்பு இல்லை. முன்பே இருந்த நோயை மறைத்து எடுத்தால் பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். குழந்தைப்பேற்றுச் சிகிச்சை பொதுவாகச் சேராது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், செலவை ஏற்பதாக உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

#21 தாமான்_மெலாவத்தி

அறுவைச் சிகிச்சை பத்தி ஒண்ணுமே வரலையே? கர்ப்பப்பையை எடுத்துட்டா ஒரேயடியா முடிஞ்சிடும்னு சொல்றாங்க.

#22 மகப்பேறு_மருத்துவர்

முடிந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. நோய் இருப்பது கருப்பைக்கு வெளியே. கருப்பையை மட்டும் எடுத்து, குடல்மேலும் சவ்வின்மேலும் இருப்பதை விட்டுவிட்டால் வலி தொடரலாம். கருப்பைச் சுவருக்குள்ளேயே திசு புகுந்திருக்கும் அடினோமையோசிஸ் சேர்ந்திருந்தால் எடுப்பதில் பலன் அதிகம். இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது வேறு முடிவு. இளம் வயதில் எலும்பு, இருதயம் இரண்டும் பாதிக்கும்.

சாக்லேட் சிஸ்டுக்கு வருபவர்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். உறையோடு உரித்து எடுப்பீர்களா, நீரை மட்டும் உறிஞ்சுவீர்களா? உறிஞ்சினால் திரும்ப நிறையும் வாய்ப்பு அதிகம். உரித்தால் சினைப்பையின் முட்டை இருப்பும் கொஞ்சம் போகும். அதனால் பிள்ளை வேண்டுபவர்களுக்கு அறுவைக்கு முன் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனை எடுப்பீர்களா? அறுவைக்குப் பிறகு என்ன மருந்து, எவ்வளவு காலம்? உடனே கர்ப்பம் வேண்டாதவர்களுக்கு மிரெனாவோ கூட்டு மாத்திரையோ குறைந்தது 18 முதல் 24 மாதம் தொடர்ந்தால் வலி திரும்புவது குறையும். “ஆப்பரேஷன் ஆயிடுச்சு, இனி மருந்து வேண்டாம்” என்று நிறுத்துவதுதான் இரண்டாவது அறுவைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

#23 மஞ்சள்_ரிப்பன்

இரண்டு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. சிகிச்சைப் பெயர்களைச் சுருக்கிவிட்டு, கேள்விகள், டிங்கி எச்சரிக்கை, ஸ்கேன் பதில், கிளினிக் வழி, கருத்தரிப்புப் பத்தி இவ்வளவையும் முழுதாக வைக்கிறேன். வலிக்குறிப்பு அட்டவணை தனித்தாள். அதற்கு என்னென்ன கட்டம் வேண்டும், தாதி?

#24 சுகாதார_தாதி

தேதி. இரத்தம், எத்தனை பேட், கட்டி வந்ததா. வலி 0 முதல் 10. எங்கே: அடிவயிறு, இடுப்பு, தொடை, ஆசனவாய். மலம் கழிக்கும்போது வலியா, சிறுநீரின்போதா, உறவின்போதா, டிக் மட்டும் போட்டால் போதும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, இரண்டு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு. கடைசியில் பள்ளியோ வேலையோ போனாளா, பாதியில் திரும்பினாளா, படுத்தே கிடந்தாளா.

வரிசை 31 வேண்டும். மாதவிடாய் இல்லாத நாளிலும் எழுதணும். வலி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று அதில்தான் தெரியும். உறவுக் கட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தாளில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மா வாங்கியதும் கிழித்துப்போடுவார். பளபளப்புத் தாளில் அடிக்காதீர்கள், பேனா எழுதாது. சாதாரண 80 கிராம் தாள் போதும்.